பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா?

ஆறுமுகநேரியில் உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். மனையை விற்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுவிட்டு வந்து பத்திர ஆபீசில் நிற்க முடியாது. அதனால் ஊரில் இருக்கும் மச்சானுக்கு 'பவர்' எழுதிக் கொடுக்கிறார். விலை படிந்தால் மச்சானே விற்கலாம், கையெழுத்துப் போடலாம், பணத்தை வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள் நிறைய உள்ள இந்தக் கடற்கரையில் இது ரொம்பச் சாதாரணமான ஏற்பாடு.

ஆறு மாதம் கழித்து அந்தச் சொந்தக்காரர் துபாயிலேயே மாரடைப்பில் இறந்துபோகிறார். பீரோவில் இருக்கும் பவர் பத்திரத்துக்கு இது தெரியுமா? தெரியாது. அதே முத்திரைத்தாள், அதே கையெழுத்து, அதே சர்வே எண். நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கும். ஆனால் செல்லாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆவது பிரிவில் இதைச் சொல்லியிருக்கிறது: முதல்வர் இறந்தால் முகவாண்மை முடிந்தது. (இங்கே முதல்வர் என்றால் கோட்டையில் இருப்பவர் அல்ல. பவர் கொடுத்தவரைத்தான் வணிகவியல் புத்தகங்கள் முதல்வர் என்கின்றன. வாங்கியவர் முகவர்.)

சரி, இதற்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இதே மாதிரி பவர் பத்திரங்களைத்தான் சி++ மொழியில் பொட்டி தட்டுபவர்கள் தினமும் எழுதிக் குவிக்கிறார்கள். அங்கே அதற்குப் பெயர் கால்பேக். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வியைச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டுவிட்டது. சி++ அதை இன்றுவரை நிரல் எழுதுபவரின் ஞாபகசக்திக்கே விட்டிருக்கிறது. அப்படி விடக்கூடாது, பத்திரம் எழுதும் இடத்திலேயே கேட்டாக வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

கவருக்குள் என்ன இருக்கிறது?

கணினிப் பரிச்சயம் இல்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஆப்ஜெக்ட் என்பது கொஞ்சம் தரவும், அந்தத் தரவின்மேல் செய்யக்கூடிய வேலைகளும் சேர்ந்த ஒரு கட்டு. ஒரு வங்கிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்புத் தொகை தரவு. 'வரவு வை', 'பற்று எழுது' என்பவை வேலைகள். இந்த வேலைகளுக்குத்தான் மெத்தட் என்று பெயர்.

'வரவு வை' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கணக்கில் என்றும் சொல்ல வேண்டும். சில சமயம் அந்த வேலையை உடனே செய்ய முடியாது. நெட்வொர்க்கில் பதில் வந்த பிறகு செய்ய வேண்டும், அல்லது பத்து விநாடி கழித்துச் செய்ய வேண்டும். அப்போது என்ன செய்கிறார்கள்? எந்த வேலை, எந்த ஆப்ஜெக்ட் என்ற இரண்டையும் ஒரு கவருக்குள் போட்டு ஒட்டி, டைமரிடமோ நெட்வொர்க்கைக் கவனிக்கும் பகுதியிடமோ கொடுத்துவிடுகிறார்கள். நேரம் வரும்போது பிரித்து அதில் உள்ளபடி செய் என்று அர்த்தம். இப்படி மெத்தடையும் ஆப்ஜெக்டையும் சேர்த்துக் கட்டுவதுதான் 'பைண்ட்' செய்வது. அந்தக் கவர்தான் ஃபங்ஷன் ஆப்ஜெக்ட்.

அற்புதமான வசதி இது. டைமருக்கு வங்கிக் கணக்கைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். கவரைப் பிரிக்கத் தெரிந்தால் போதும்.

ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. கவருக்குள் பெரும்பாலும் ஆப்ஜெக்ட் இருப்பதில்லை. அதன் முகவரி மட்டுமே இருக்கிறது. அதைத்தான் பாயின்டர் என்கிறார்கள். முகவரியை வைத்திருப்பதால் வீடு சொந்தமாகிவிடுமா? சுராஜ் லேம்ப் வழக்கில் 2011 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு விஷயத்தைத்தான் தெளிவுபடுத்தியது. பொது பவர் எழுதிக் கொடுத்து நடத்துகிற 'விற்பனை'யால் நிலத்தின் உரிமை கைமாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்றது. பவர் வேறு, உரிமை வேறு. பாயின்டருக்கும் இது அப்படியே பொருந்தும்.

கிராஷ் ஆனால் அதிர்ஷ்டம்!

கவர் டைமரிடம் காத்திருக்கும்போது ஆப்ஜெக்ட் அழிக்கப்பட்டுவிட்டால்? பயனர் ஜன்னலை மூடிவிட்டார், இணைப்பு அறுந்துவிட்டது, ஏதோ ஒன்று. அந்த ஆப்ஜெக்ட் இருந்த நினைவக இடம் வேறொரு வேலைக்குக் கொடுக்கப்படுகிறது. அதாவது பழைய வீட்டை இடித்து, அதே கதவு எண்ணில் வேறொருவர் குடிவந்துவிட்டார். பத்து விநாடி கழித்து டைமர் கவரைப் பிரிக்கிறது. முகவரி சரியாகத்தான் இருக்கிறது. 'இருப்பில் ஆயிரம் ரூபாய் கூட்டு' என்ற வேலையையும் செய்துவிடுகிறது. யாருடைய எதில் கூட்டியது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

நிரல் அந்த இடத்திலேயே கிராஷ் ஆனால் அது அதிர்ஷ்டம். பிழை இருக்கிறது என்றாவது தெரியும். கிராஷ் ஆகாமல் ஓடினால்தான் ஆபத்து. விஷயம் தெரிந்த திருடன், காலியான அந்த இடத்தில் தன்னுடைய தரவைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். கவர் அவன் சொன்னதைச் செய்யும். அழித்த பிறகும் பயன்படுத்துவது என்ற இந்த வகைப் பிழை, பாதுகாப்பு ஓட்டைகளில் முன்வரிசையில் இருக்கிறது.

எவ்வளவு பெரிய வரிசை? ஆண்டுதோறும் சரிசெய்கிற பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. 2020-ல் குரோம் உலாவியின் குழு, 2015 முதல் வந்த 912 கடுமையான பாதுகாப்புப் பிழைகளை அலசியது. அங்கேயும் அதே 70 சதவீதம்தான். அதில் பாதி, அழித்த பிறகு பயன்படுத்துகிற இந்தப் பிழை. எல்லாமே கால்பேக்கால் வந்தவை என்று சொல்ல முடியாது. ஆனால் 'பிறகு செய்' என்று முகவரியைக் கொடுத்து அனுப்புவது இந்தப் பிழைக்குப் பெரிய வாசல் என்பதை சி++ தெரிந்த யாரும் மறுக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் குரோம் பொழுதுபோக்குக்கு எழுதியது அல்ல. 2008-ல் வெளிவந்தபோது அதன் பொறுப்பில் முன்னணியில் இருந்தவர் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை. உலகின் கெட்டிக்காரப் பொறியாளர்கள் எழுதிய நிரல். அங்கேயே இந்தக் கதி என்றால், 'கவனமாக எழுதினால் போதும்' என்ற அறிவுரைக்கு என்ன மதிப்பு?

வசதி வளர்ந்தது, கேள்வி வளரவில்லை

1998-ல் வந்த முதல் சி++ தரத்திலேயே மெத்தடைக் கட்டிக் கொடுக்கச் சில கருவிகள் இருந்தன. பயன்படுத்துவதற்குள் தாவு தீர்ந்துவிடும். பிறகு பூஸ்ட் என்ற நூலகம் 'பைண்ட்' என்ற எளிமையான கருவியைக் கொடுத்தது. 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் அது மொழியின் சொந்தச் சொத்தாகவே ஆகிவிட்டது. கூடவே லாம்டாவும் வந்தது. பழைய கருவிகள் 2017-ல் நீக்கப்பட்டன.

எழுதுவது சுலபமாகிக்கொண்டே வந்தது. ஆனால் எந்தக் கட்டத்திலும் மொழி 'இந்த ஆப்ஜெக்ட் அதுவரை இருக்குமா?' என்று கேட்கவில்லை. அதைவிட மோசம், 2011-ன் லாம்டாவில் ஒரு கண்கட்டு வித்தை இருந்தது. சதுர அடைப்புக்குள் ஒரு சமக்குறி போட்டால் 'எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்' என்று பொருள். மெத்தடுக்குள் இருந்துகொண்டு அப்படி எழுதினால் ஆப்ஜெக்டும் நகலாகும் என்றுதானே நினைப்போம்? ஆகாது. 'திஸ்' எனப்படும் அதன் முகவரி மட்டும்தான் நகலாகும். சொத்தின் நகல் கேட்டவருக்குக் கதவு எண்ணை எழுதிக் கொடுத்த கதை! இந்த எழுத்துமுறையைக் கைவிடத்தக்கது என்று தரம் அறிவிக்க 2020 ஆகிவிட்டது.

நான்கு பாதுகாப்பான வழிகள்

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. முகவாண்மைச் சட்டம் தெரிந்தவர்களுக்கு நான்கும் பழகிய முகங்களாகவே தெரியும்.

1. நகல் கொடுப்பது. முகவரிக்குப் பதிலாக ஆப்ஜெக்டின் நகலையே கவருக்குள் வைத்துவிடுவது. 2017 முதல் லாம்டாவில் இதை நேரடியாக எழுதலாம். அசல் அழிந்தாலும் நகலுக்குச் சேதம் இல்லை. ஆனால் நகல் எடுத்த பிறகு அசலில் நடந்த மாற்றம் நகலுக்குத் தெரியாது. படித்துப் பார்க்கிற வேலைக்கு இது சரி. இருப்பைக் கூட்டிக் கழிக்கிற வேலைக்கு உதவாது.

2. பங்கு கொடுப்பது. ஷேர்ட் பாயின்டர் என்ற கருவி, ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். கடைசி ஆள் கையை விட்ட பிறகுதான் ஆப்ஜெக்ட் அழியும். கவரும் ஒரு பங்குதாரர் என்றால், கவர் இருக்கும்வரை ஆப்ஜெக்ட் இருக்கும். சட்டத்தின் 202-ஆவது பிரிவு இதற்குக் கிட்டத்தட்ட அண்ணன். கடன் கொடுத்தவரிடமே, 'என் நிலத்தை விற்று உன் கடனை எடுத்துக்கொள்' என்று ஒருவர் அதிகாரம் கொடுத்தால், கொடுத்தவர் இறந்தாலும் அந்த அதிகாரம் சாகாது. ஏனென்றால் முகவருக்கே அந்தச் சொத்தில் பங்கு உண்டு. (சட்டத்தில் ஆள் சாகிறார், அதிகாரம் பிழைக்கிறது. இங்கே ஆப்ஜெக்டே சாவதில்லை. அந்த வித்தியாசம் உண்டு.)

இதிலும் ஒரு வில்லங்கம். ஜன்னல் ஆப்ஜெக்ட் டைமரைப் பிடித்திருக்கிறது, டைமரில் உள்ள கவர் ஜன்னலைப் பிடித்திருக்கிறது என்றால், 'நீ போனால்தான் நான் போவேன்' என்று இருவரும் சட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டுமே அழியாது. நினைவகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப்படும்.

3. உயிர்வாழ்வுச் சான்று கேட்பது. பவர் வாங்கியவர் கிரயம் எழுதப் போனால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கொண்டுவா என்று தமிழ்நாட்டுப் பத்திரப் பதிவு அலுவலகங்களில் கேட்பார்கள். ஓய்வூதியம் வாங்குபவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை நவம்பரில் சான்று கொடுக்கிறார்கள். அதையே கைரேகை வைத்துக் கணினி வழியில் கொடுக்க 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் திட்டம் வந்தது. சி++ மொழியில் இந்த வேலையைச் செய்வது வீக் பாயின்டர். ஆப்ஜெக்டைப் பிடித்து வைக்காது. ஆனால் இருக்கிறதா, போய்விட்டதா என்று கேட்டால் சொல்லும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் சறுக்குவது இதில்தான். நவம்பர் 1-ல் சான்று கொடுத்தவர் நவம்பர் 2-ல் இறந்தால்? சான்று பொய்யில்லை, ஆனால் பயனும் இல்லை. வீக் பாயின்டரிடம் 'எக்ஸ்பயர்ட்' என்று கேட்பது இந்த மாதிரி. அது 'இருக்கிறார்' என்று சொன்ன அடுத்த நொடியில் வேறொரு திரெட் அவரை அழித்துவிடலாம். 'லாக்' என்று கேட்பதே சரி. அது ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதோடு, இருந்தால் கையையும் பிடித்துக்கொள்ளும். கையெழுத்துப் போட்டு முடியும்வரை பவர் கொடுத்தவரைச் சார்பதிவாளர் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார வைப்பதற்குச் சமம்.

4. ரத்து செய்துவிட்டுச் சாவது. ஆப்ஜெக்ட் அழியும் முன் தான் கொடுத்த எல்லாப் பவரையும் தானே ரத்து செய்வது. க்யூட் என்ற நூலகத்தில் ஓர் ஆப்ஜெக்டின் மெத்தடைச் சிக்னலோடு இணைத்தால், ஆப்ஜெக்ட் அழியும்போது இணைப்பும் தானாகவே அறுந்துவிடும். அதே இடத்தில் மெத்தடுக்குப் பதில் வெறும் லாம்டாவைக் கொடுத்து, அது எந்த ஆப்ஜெக்டைச் சார்ந்தது என்று சொல்லாமல் விட்டால், லாம்டாவுக்குள் இருக்கும் முகவரி செத்துப்போனதை க்யூட் அறியாது.

ரத்து செய்வதிலும் ஒரு சிக்கல். சட்டத்தின் 208-ஆவது பிரிவு சொல்வது என்ன? ரத்து என்பது முகவரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரியவந்த பிறகுதான் செல்லுபடியாகும். பவர் கொடுத்தவர் இறந்ததே தெரியாமல் முகவர் பணத்தைச் செலுத்திவிட்டால், அந்தச் செலுத்துகை செல்லும். சட்டம் நல்லெண்ணத்துக்கு மதிப்புக் கொடுக்கிறது. நினைவகத்துக்கு அந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது. 'நிறுத்து' என்று சொன்ன நேரத்தில் வேறொரு திரெட் ஏற்கெனவே கவரைப் பிரித்துப் பாதி வேலையில் இருக்கலாம். அதனால்தான் லினக்ஸ் கெர்னலில் டைமரை நீக்குவதற்கு ஒரு ஃபங்ஷனும், நீக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருப்பதற்குத் தனியாக இன்னொரு ஃபங்ஷனும் வைத்திருக்கிறார்கள். நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டாவதைத்தான் அழைக்க வேண்டும். சொன்னால் போதாது, நின்றுவிட்டதா என்று பார்க்கவும் வேண்டும்.

கேட்க வேண்டியவர் யார்?

நான்கு வழி இருந்தும் ஏன் பிழை வருகிறது? ஐந்தாவது வழியான வெறும் முகவரியைக் கொடுப்பது எல்லாவற்றையும்விடச் சுலபமாக இருப்பதால்! அவசரத்தில் ஆணி பிடுங்குகிறவர் எதை எழுதுவார்? எது குறைந்த எழுத்தோ அதைத்தான்.

பத்திர ஆபீசில் இந்தப் பொறுப்பை முகவரின் நேர்மைக்கு விடவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்பவர் சார்பதிவாளர். முகவர் நல்லவரா கெட்டவரா என்று அவர் ஆராய்வதில்லை. சான்று எங்கே என்று கேட்கிறார், அவ்வளவுதான். நிரலில் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவை கம்பைலரும் நூலகமும்.

குரோம் குழு இதைத்தான் செய்தது. அவர்களுடைய சொந்த 'பைண்ட்' கருவி, மெத்தடோடு வெறும் முகவரியைக் கொடுத்தால் கம்பைல் ஆகவே மறுக்கும். பங்கா, வீக் பாயின்டரா, முழு உரிமையா என்று சொல்லியாக வேண்டும். எதுவும் வேண்டாம், வெறும் முகவரிதான் என்றால் 'அன்ரீடெயின்ட்' என்ற சொல்லை வாயைத் திறந்து எழுத வேண்டும். 'இதை யாரும் பிடித்து வைக்கவில்லை, பொறுப்பு என்னுடையது' என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. பிறகு சரிபார்ப்பவர்கள் அந்தச் சொல்லைத் தேடினாலே போதும், சந்தேகத்துக்குரிய இடங்களெல்லாம் வந்து நிற்கும். ஒரே ஒருமுறை மட்டும் ஓடக்கூடிய கால்பேக்கையும் பலமுறை ஓடக்கூடியதையும் தனித்தனி வகையாகப் பிரித்தும் வைத்தார்கள். ஸ்பெஷல் பவர், ஜெனரல் பவர் மாதிரி.

அப்படியும் கசிந்தவற்றுக்காக 2022-ல் இன்னொரு வேலை செய்தார்கள். 15,000-க்கும் மேற்பட்ட வெறும் பாயின்டர்களை ஒரு காவல் வகையாக மாற்றினார்கள். ஆப்ஜெக்ட் அழிந்தாலும், அதன் முகவரி யாரிடமாவது இருக்கும்வரை அந்த இடம் மறுபடி யாருக்கும் கொடுக்கப்படாது. இறந்தவரின் மனையைச் சுற்றி வேலி போட்டு வைக்கிற ஏற்பாடு.

ரஸ்ட் மொழி இன்னும் ஒரு படி மேலே போனது. 2015 மே மாதம் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த அந்த மொழியில், வேறொரு திரெடுக்குக் கொடுத்து அனுப்பும் கவருக்குள் சீக்கிரம் செத்துப்போகக்கூடிய எதன் முகவரியும் இருக்கக்கூடாது. இருந்தால் கம்பைலர் நிரலையே ஏற்காது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 முதல் கெர்னலுக்குள்ளும் ரஸ்டுக்கு இடம் கிடைத்தது. புதிய நிரல்களை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கிய ஆண்ட்ராய்டில், மொத்தப் பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019-ல் 76 சதவீதமாக இருந்தது, 2024-ல் 24 சதவீதமானது. அந்த ஐந்து வருடத்தில் மனிதர்களின் கவனம் மூன்று மடங்கு கூடிவிடவில்லை. கேள்வி கேட்கிற ஆள்தான் மாறினார்.

எதிர்வாதங்கள்

'இதெல்லாம் வேகத்தைக் குறைக்கும்' என்பது முதல் வாதம். இதில் உண்மை உண்டு. பங்குதாரர் கணக்கைப் பல திரெடுகளுக்கு நடுவே சரியாக வைத்திருக்கச் செலவு ஆகும். ஆனால் எல்லாக் கவருக்கும் சான்று கேட்க வேண்டியதில்லை. ஒரு பட்டியலை வரிசைப்படுத்தும்போது, எது பெரியது என்று ஒப்பிடக் கொடுக்கிற ஃபங்ஷன் அந்த அழைப்பு முடிவதற்குள் வேலையை முடித்துவிடும். சொந்தக்காரர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது சான்று எதற்கு? அங்கே வெறும் முகவரி போதும். பிரச்சினை, வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொள்கிற கவர்களில் மட்டும்தான். இந்த இரண்டு வகையும் வகையின் பெயரிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

'ஜாவா, கோ மாதிரி மொழிகளில் குப்பை அள்ளும் வசதி இருக்கிறதே, அங்கே ஆப்ஜெக்ட் பாதியில் சாகாதே' என்பது இரண்டாவது வாதம். நினைவகம் பாதுகாப்பாக இருக்கும், சரி. ஆனால் மூடிவிட்ட ஜன்னலின் ஆப்ஜெக்டைக் கால்பேக் பிடித்து வைத்திருந்தால், செத்தவர் பெயரில் ரேஷன் கார்டு ஓடுகிற மாதிரி அது ஓடிக்கொண்டே இருக்கும். கர்னலை எழுதவும் உலாவியின் உள்பகுதிகளை எழுதவும் அந்த வசதியை எல்லா இடத்திலும் நம்பியிருக்கவும் முடியாது.

மூன்றாவது வாதம் கொஞ்சம் நியாயமானது. 'வீக் பாயின்டர் போட்டாகிவிட்டது, ஆள் இல்லையென்றால் சும்மா இருந்துவிடும், வேறென்ன வேண்டும்?' என்பது. இங்கேதான் 209-ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்தால் முகவர் 'அப்பாடா' என்று கையைக் கழுவிவிட்டுப் போக முடியாது. வாரிசுகளுக்காக, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட நலன்களைப் பாதுகாக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும். நிரலிலும் அப்படியே. திரையில் ஒரு எழுத்தின் நிறத்தை மாற்றுகிற வேலை என்றால், திரை போன பிறகு சும்மா இருந்துவிடலாம். பணம் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்கிற வேலை என்றால்? ஆப்ஜெக்ட் இல்லை என்று சத்தமில்லாமல் திரும்பிவிட்டால், கிராஷ் இல்லை, ஓட்டை இல்லை, ஆனால் பதிவும் இல்லை. உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்று எழுதியவர், இல்லையென்றால் என்ன செய்வது என்ற வரியையும் எழுத வேண்டும். ரஸ்ட் கம்பைலரும்கூட அந்தப் பதிலை எழுதித் தராது. அது மனிதர் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

பாடத்தில் எங்கே?

தமிழ்நாட்டு பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடத்தில் சி++ இருக்கிறது. இனக்குழு, பொருள், ஆக்கி, அழிப்பி என்று அழகான தமிழ்ப் பெயர்களோடு இருக்கிறது. இவர்களில் நிறையப் பேர் நாளைக்கு உலகம் பூராவும் ஓடுகிற நிரல்களைத் தொடப்போகிறவர்கள். அழிப்பி பற்றிய பாடம் எடுக்கும் அன்றே, ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடலாம்: 'இந்தப் பொருள் அழியும்போது, இதன் முகவரியை யார் யார் கையில் வைத்திருக்கிறார்கள்?' ஷேர்ட் பாயின்டர், லாம்டா எதுவும் தெரியாத மாணவனுக்கும் இந்தக் கேள்வி புரியும். விடை சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேள்வி மனதில் உட்கார்ந்தால் போதும்.

நிரல் எழுதுபவர்கள் ஒவ்வொரு கால்பேக்கிலும் மூன்றைக் கேட்டுக்கொள்ளலாம். இந்தக் கவர் இப்போதே பிரிக்கப்படுமா, பிறகா? பிறகு என்றால், அதுவரை ஆப்ஜெக்டைப் பிடித்திருப்பது யார்? யாருமே இல்லையென்றால், பிரிக்கிற நேரத்தில் என்ன செய்யச் சொல்லியிருக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை நிரலின் வகைகளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், எழுதியவரின் தலைக்குள் இருந்தால் போதாது. எழுதியவர் இரண்டு வருடத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். பவர் மட்டும் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும்.